தாலி கட்டும் நேரத்தில் இரண்டு கமராக்கள்

மனைவி இறந்த பிறகு வீட்டில் நடந்த முதல் நல்ல காரியம் மகளின் கல்யாணம். மனைவியை இழந்தவன் தனியாக மணையில் உட்கார்ந்து கன்னிகாதானம் செய்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. என் இடத்தில் அண்ணனும் அண்ணியும் உட்கார்வதாக ஏற்பாடு. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அம்மன் மன்னிக்கமாட்டாள். அலுவிகாரை ஊரில் சின்ன போட்டோ ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கிறவன் நான். மணையில் இடமில்லாவிட்டால் போகட்டும், தாலி கட்டும் படத்தையாவது என் கையால் எடுக்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

மாப்பிள்ளையின் தம்பி கொழும்பில் விளம்பரப் படம் எடுக்கிறவர். முதல் நாளே தன் மீடியம் ஃபோமட் கமராவோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மாமா, நாளைக்கு இதுல எடுங்க. உங்க கமராவுக்கு வயசாயிருச்சு."

"எனக்குந்தான் ஆயிருச்சு தம்பி. தூக்கியா போட்டுட்டாங்க?"

சிரித்துக்கொண்டே சாமி அறைக் குத்துவிளக்கை இரண்டிலும் எடுத்துப் பார்த்தோம். என்னுடையது ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர். அவருடையதில் ஒளியை வாங்கும் சென்சர் அதைவிடப் பெரிது. என் படத்தில் சுடர் வெளுத்துப்போய், பின்னால் புகை படிந்த சுவர் வெறும் இருட்டாக இருந்தது. அவர் படத்தில் சுடரின் மஞ்சளும் இருந்தது, சுவரின் வெடிப்பும் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் திரியின் நூல்கூடத் தெரிந்தது. இத்தனை வருடம் கும்பிட்ட விளக்கை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் என்னுடையதைத் தூக்கி அமத்தினேன், சடசடவென்று படங்கள் விழுந்தன. அவருடையது ஃபோகஸ் தேடிப் பிடிப்பதற்குள் அவள் குசினிக்குத் திரும்பிவிட்டாள்.

"தாலி கட்டுற நேரம் இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா தம்பி?" என்றேன்.

அவருக்கும் அது சரியென்று பட்டது. நான் கிட்டே நின்று என் கமராவில் எடுப்பது, அவர் தூரத்தில் ஸ்டாண்ட் போட்டு மேடை முழுவதையும் எடுப்பது என்று முடிவானது.

மறுநாள் மண்டபத்தில் ஓமப் புகை கண்ணை எரித்தது. முழங்கால் வேறு நோவு. மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"போட்டோக்காரரே, சித்த தள்ளி நில்லுங்க, மறைக்குது. ஆமா, பொண்ணோட அப்பா எங்க, ஆளையே காணோம்?"

"இங்கதான் எங்கயாவது நிப்பாரும்மா," என்று சொல்லித் தள்ளி நின்றேன்.

கெட்டிமேளம் எழுந்தது. நான் முடிச்சையே பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் விரல், மஞ்சள் கயிறு, அதன்மேல் விழுந்த அட்சதை. ஒன்றும் தப்பவில்லை.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு மகளும் மருமகனும் அவர் தம்பியும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். முதலில் என் படங்களைப் போட்டேன். முடிச்சு அருமையாக விழுந்திருந்தது. ஆனால் கிட்டே போய் எடுத்ததில் மகளின் முகம் எல்லாவற்றிலும் பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது.

பிறகு தம்பியின் படம். என் பழைய கம்பியூட்டரில் அது திறக்கவே நேரமெடுத்தது. அதில் முடிச்சு தெரியவில்லை, என் அண்ணனின் முழங்கை மறைத்திருந்தது. மேடையில் மகள் உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்தாள். தம்பி பெரிதாக்கினார். எவ்வளவு பெரிதாக்கியும் படம் உடையவில்லை. தாலி ஏறும்போது அவள் குனிந்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பி, கூட்டத்தில் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி படத்தை அவள் பார்த்த பக்கமாக நகர்த்தினார். ஓரத்தில், கமராவால் முகத்தை மறைத்தபடி நான்.

"அப்பா நிமிந்து பாப்பீங்கன்னு நெனச்சேன்," என்றாள் மகள். குறையாகச் சொல்லவில்லை.

"முடிச்சு நல்லா வந்திருக்கும்மா," என்றேன்.

"ஆமாப்பா, நல்லா வந்திருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அம்மனிடம் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. திரை விலகி தீபம் காட்டும்போது கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.