கட்டிலடிச் சாமிகள்

புதுப் பனியன் துணியில் சாயமும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அதை முகர்ந்தால் உங்களுக்குப் பண்டிகை ஞாபகம் வரலாம். எனக்குச் சாமி ஞாபகம்தான் வரும். சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் ஒரு தேசத்துச் சாமிகள் அத்தனை பேரையும் நான்தான் படைத்தேன்.

அப்பா இறந்த மறுவருடம் அம்மா என்னைத் திருச்செந்தூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குக் கூட்டி வந்தாள். கம்பெனியில் அவளுக்குப் ‘பிசிறு’ வெட்டும் வேலை, அதாவது தைத்த பனியனில் தொங்கும் நூலைக் கத்தரிப்பது. காலையில் போனால் ‘ஒன்றரை ஷிப்ட்’ முடித்து இருட்டிய பிறகுதான் வருவாள். பள்ளி விட்டு வந்தால் லைன் வீட்டின் ஒற்றை அறையில் நானும் சுவரும்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை ‘வேஸ்ட்’ துணி கிடந்தது. அதைப் பரப்பித்தான் என் தேசத்தை உண்டாக்கினேன்.

சாயத் தண்ணீர் கலக்கும் திருப்பூரின் நொய்யலைப் போலவே அங்கும் ஆறு ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் நீலமாகவும் ஓடும். எந்த நிறத் துணி கையில் அகப்படுகிறதோ அந்த நிறம். துணியை முடிந்து சாமிகளைச் செய்தேன். எல்லையில் நூல் மீசையோடு, தையல் மெஷினின் பேர் வைத்த ஓவர்லாக் மாடன் காவல் நிற்பார். கரண்டுக் கருப்பன் மகா கோபக்காரர், நினைத்தால் வருவார், நினைத்தால் போய்விடுவார். தனியாக இருக்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பிசிறுப் பேச்சி. இவர்கள் எல்லோருக்கும் ஒரே எதிரி, சரக்கைக் கப்பலேற்றக் கெடு வைக்கும் ஷிப்மென்ட் என்ற அரக்கன். அம்மாக்களை விழுங்குவதுதான் அவன் தொழில். அவனுக்கு உருவம் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

தினமும் பொட்டுக்கடலை படைத்து, எங்கள் ஊர்க் கோயில் திருவிழாபோலக் கொடை நடத்துவேன். வில்லுப்பாட்டும் நானே, சாமியாடியும் நானே, கையைக் கட்டிக்கொண்டு குறி கேட்பவளும் நானே. “அம்மா எப்ப வருவா?” என்று கேட்டுவிட்டு, உடம்பைக் குலுக்கிப் பேச்சியின் குரலில் நானே பதில் சொல்வேன்: “இன்னைக்கு வெளிச்சத்தோட வந்துருவா!”

ஒருநாள் வீட்டுக்கார அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “ஏங்கண்ணு, ஊட்டுக்குள்ள ஆருகூடப் பேசிட்டிருக்கறே?” என்றார். சாமியோடு என்றேன். “அட சாமி! உன்ற சாமி பதிலெல்லாம் சொல்லுதா?” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். சொல்லத்தான் செய்தது, பலிக்கத்தான் இல்லை. விளக்குப் போட்டு வெகுநேரம் கழித்துத்தான் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கும்.

இதை அம்மாவிடமே கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாள். “பிடிமண் எடுக்காத சாமி வாக்கு எப்படிட்டி பலிக்கும்? எந்தச் சாமி நம்ம வீட்டுக்கு வரணுமோ அது இருக்குற எடத்துல ஒரு பிடி மண்ணெடுத்து, யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காம கொண்டாரணும்.” எங்கள் ஊர்ப்பக்கம் குலசாமியை வேற்றூருக்குக் கொண்டுபோவது அப்படித்தான். அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் அன்று இரவு முழுக்கத் தூங்காமல் யோசித்தேன், எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய சாமி எது என்று.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. மத்தியான வெயிலில் நடந்து கம்பெனிக்குப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில், எல்லோரும் மிதித்து நடக்கிற இடத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி வேஸ்ட் துணியில் முடிந்துகொண்டு திரும்பி நடந்தேன். டீக்கு வெளியே வந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். “ஏட்டி! எங்கட்டி வந்த? நில்லுட்டி!” என்று கத்தினாள். அந்தக் குரலுக்குத் திரும்பாமல் நடந்தேனே, ஐயோ, அதைவிடக் கஷ்டமான காரியத்தை நான் இன்றுவரை செய்ததில்லை.

பயந்துபோன அம்மா சூப்பர்வைசரிடம் பாதி சொல்லியும் சொல்லாமலும் பின்னாலேயே ஓடி வந்தாள். நான் வீட்டுக்குள் நுழைந்து முடிச்சைக் கட்டிலடியில் வைக்கவும் அவள் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தலையெல்லாம் பஞ்சு, மேல்மூச்சு கீழ்மூச்சு.

“கூப்பிடக் கூப்பிடக் காது கேக்கலையாட்டி, சவத்து மூதி?”

“திரும்பிப் பாத்தா சாமி வராதுன்னு நீதானம்மா சொன்ன.”

“எந்தச் சாமி?”

“நீதாம்மா.”

ஓங்கிய கையை அவள் இறக்கிவிட்டாள். முடிச்சை அவிழ்த்து மண்ணைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். நானோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெளிச்சம். பேச்சியின் வாக்கு பலித்துவிட்டது. அன்று வெயில் இறங்கும்வரை நாங்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தோம். மறுவாரம் ஷிப்மென்ட் அவளை மறுபடி விழுங்கிவிட்டது.

அந்த லைன் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு நூல் குடோன் நிற்கிறது. என் சாமிகள் எந்தக் குப்பையோடு போனார்களோ தெரியாது. நான் இன்று ஒரு ஏற்றுமதி ஆபீசில் ஷிப்மென்ட்டுக்குத் தேதி குறிக்கிறவள். பஞ்சுத் தூசி ஏறி மூச்சு கெட்டுப்போன அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. பகல் முழுக்க அவளும் டிவியும்தான்.

போன வாரம் வழக்கம்போல் இருட்டிய பிறகு வந்தபோது, சாமி விளக்குக்குப் பக்கத்தில் ஒரு டப்பா மூடியில் கொஞ்சம் மண் இருந்தது. என்னம்மா இது என்றேன்.

“உங்க ஆபீசுக்கு எனக்கு வழியா தெரியும்? உன் செருப்புல ஒட்டிட்டு வந்ததுதாம்ட்டி” என்றாள் அம்மா. “ஒருநாளாவது வெளிச்சத்தோட வருதியான்னு பாப்போம்.”