சிதம்பரம் பஸ்ஸில் விழுந்த அடி

பிள்ளைகளே, என் மகன் வீட்டில் இருக்கிற நாளில் அடிதடி இல்லாமல் பொழுது போனதில்லை. அவன் சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தான். சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவான். மகள் பிளஸ் டூ. அந்த இரண்டு நாளும் சார்ஜருக்கு ஒரு சண்டை, ஃபேனுக்கு நேராகப் படுப்பதற்கு ஒரு சண்டை. அவன் விட்டெறிந்த தட்டு பட்டு அவள் புருவத்தில் இன்றும் தழும்பு இருக்கிறது. அவள் கடித்த பல் தடம் அவன் தோளில் இருக்கிறது. அவர்கள் அம்மா தோசைக் கரண்டியோடு நடுவில் போனால் அவளுக்கும் ஒன்று விழும். நான் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் பேரல் உருட்டுகிறவன். வேலை முடிந்து வந்து, உள்ளே சத்தம் கேட்டால் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிடுவேன். அடங்கிய பிறகுதான் போவேன்.

அப்படிப்பட்டவன் போலீஸ் வேலைக்கு எழுதினான். எழுத்துப் பரீட்சை, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் தாண்டிவிட்டான். ஊருக்கு வந்து விசாரிப்பது மட்டும் பாக்கி. பெயரில் ஒரு கேஸ் இருந்தால் போதும், அத்தனையும் போய்விடும். எங்கள் வீட்டில் அரசாங்க வேலைக்கு யாரும் போனதில்லை. கை நீட்டாதே, யார் வம்புக்கு வந்தாலும் ஒதுங்கிப் போ என்று அவனிடம் நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்ய நானும் மகளும் சிதம்பரம் போனோம். பெட்டி, பாய், வாளி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், மறுநாள் முகூர்த்தம் என்று ஒரே கூட்டம். கடலூர் பஸ் வந்து நிற்பதற்குள் மகள் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் தன் பையை மூன்று பேர் சீட்டில் போட்டாள். பை போட்ட இடம் போட்டவருக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் பின்பக்கம் டிக்கியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஏறிப் போய்ப் பார்த்தால் பை கீழே, காலடியில் கிடந்தது. சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கூட்டாளிகள் இரண்டு பேர். பை போட்டிருந்தோம் அண்ணே என்று மகன் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான்.

"பைக்கு டிக்கெட் எடுத்தியாடா? காலேஜ் போயிட்டா கலெக்டர்னு நெனப்பா?"

மகள் குனிந்து பையை எடுத்துக்கொண்டு, கீழே தள்ளியது யார் என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன். மகன் ஓர் அடி முன்னால் வந்தான். வந்த உடனே அறை விழுந்தது.

அந்தச் சத்தம் பின்வாசலில் ஏறிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. நெரிசலில் கையைத் தூக்கக்கூட இடமில்லை. தலைகளுக்கு நடுவில் மகன் முகம் தெரிந்தது. அவன் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் இன்னொன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதைத் திமிர் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த ஆள் எழுந்து நின்று திரும்பவும் அறைந்தார். அதன் பிறகு முஷ்டியை மடக்கி மூக்கில் ஒரு குத்து. ரத்தம் சட்டையில் வடிந்து சீட்டு ரெக்சினில் சொட்டியது. அவன் கையை எடுக்கவில்லை. நான் சொன்ன பேச்சைத்தான் அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அடிடா என்று கத்த என் வாய் துடித்தது.

அப்போதுதான் மகள் கையிலிருந்த டிபன் கேரியரைச் சுழற்றினாள். மூன்று அடுக்கு எவர்சில்வர், மிச்சச் சாம்பார் சாதத்தோடு. அவர் நெற்றியில் பட்டு ணங்கென்று கேட்டது. மறுபடியும் ஓங்கினாள், கண்டக்டர் பிடித்துக்கொண்டார். அந்த ஆளின் புருவம் கிழிந்து ரத்தமும் சாம்பாருமாகக் கழுத்தில் இறங்கியது. கூட்டாளிகள் என் மகனின் காலரைப் பிடித்தார்கள். யாரோ கத்தினார்கள், குழந்தைகள் அழுதன. டிரைவர் ஏறியிருந்த அத்தனை பேரோடும் பஸ்ஸை நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தினார்.

எல்லாரும் இறங்கினோம். யார் அடித்தது என்று எஸ்.ஐ. கேட்டதும் வெள்ளைச் சட்டைக்காரர் என் மகனைக் கைகாட்டினார். கூட்டாளிகள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எது வரக்கூடாது என்று அத்தனை அடியையும் வாங்கினானோ அது வந்துவிட்டது.

மகள் முன்னால் வந்து நசுங்கிய கேரியரை நீட்டினாள்.

"நாந்தான் சார் அடிச்சேன். இதாலதான்."

"பொய் சொல்லுது சார், பையன்தான் அடிச்சான்" என்றார் அவர்.

"நீ ஏம்மா அடிச்ச?"

"எங்க அண்ணன நாந்தான் சார் அடிப்பேன். இவரு யாரு?"

கூட்டத்தில் சிரித்துவிட்டார்கள். பையன் கையே தூக்கவில்லை என்று கண்டக்டர் சொன்னார். எஸ்.ஐ. மகனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவன் நகமே பதிந்து உள்ளங்கை கன்றியிருந்தது. பிறகு அவர் அந்த ஆளிடம் திரும்பினார்.

"சரி, உள்ளதையே எழுதிக்கிறேன். ஸ்கூல் படிக்கிற பொண்ணு சாம்பார் கேரியரால அடிச்சி நெத்தி ஒடஞ்சதுன்னு. நீங்க மொதல்ல அடிச்சதையும் சேத்து. கையெழுத்து போடறீங்களா?"

அவர் கூட்டாளிகளைப் பார்த்தார். அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"கம்பில இடிச்சிக்கிட்டேன் சார்."

"எந்தக் கம்பில?"

"ஏறும்போது."

கேஸ் இல்லை. திரும்பிப் போய் ஏறினால் அந்த மூன்று பேர் சீட்டில் வேறு யாரோ ஒரு குடும்பம் குழந்தையோடு உட்கார்ந்திருந்தது. யாரும் எழுப்பவில்லை. நாங்களும் வெள்ளைச் சட்டைக்காரரும் கூட்டாளிகளும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தோம். அவர் கைக்குட்டையால் புருவத்தை அழுத்திக்கொண்டிருந்தார், மகன் என் துண்டால் மூக்கை. புதுச்சத்திரத்தில் இறங்கும்போது அந்த ஆள் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். பரீட்சை முடிகிறவரை அவளைப் பள்ளிக்கூடத்தில் நானேதான் கொண்டுபோய் விட்டேன்.

அடிக்காமல் நின்றவன் பெரியவன் என்று உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அது நிஜம்தான். ஆனால் அவள் அடிக்காமல் இருந்திருந்தால் அந்த ஆளின் கை எப்போது நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரிக்க வந்தவர் கேட்டுவிட்டுப் போனார். மகன் இப்போது பயிற்சியில் இருக்கிறான். போன லீவுக்கு வந்தபோது சார்ஜரை அவள் ஒளித்துவைத்தாள் என்று கையை ஓங்கிக்கொண்டு போனான். அவள் ஓடவில்லை. அன்றைக்கு அவன் நின்ற மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அடி" என்று முகத்தைக் காட்டினாள். அவன் ஓங்கிய கையைக் கீழே இறக்கினான். இறக்கியதும் முழங்காலில் ஓர் உதை கொடுத்தாள்.