தாய்மாமன் வண்டியில் இரண்டு சீட்டு

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் கோளாறுகளில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கௌரவமானவை. எனக்கு வந்தது வேறு. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். புதிது அல்ல. புதுச்சேரியில் ஒருவர் வெளிநாடு போகும் அவசரத்தில் விற்றார். எனக்கு எந்த அவசரமும் இல்லை, ஆனாலும் வாங்கினேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறேன். ஒழிந்த நேரத்தில் கதை எழுதுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு சீட்டு எனக்கு, இன்னொரு சீட்டு நூலகப் புத்தகங்களுக்கும் கத்தரிக்காய்க்கும் என்று கணக்கு சரியாக இருந்தது. வண்டியின் உயரம்தான் நம் ஊருக்கு ஒத்து வரவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு முனகும். ஜங்ஷன் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டைக் கடக்கும்போது ஓட்டுநர்கள் டீ கிளாஸோடு எழுந்து நின்று பார்ப்பார்கள். முதல் வாரமே ஒருவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "ரெண்டே பேருதானா சார்? இதே எடத்துல நாங்க எட்டு பேர ஏத்துவோம்," என்றார். தொழில் தெரிந்தவர் சொல்லும்போது மறுக்க முடியவில்லை.

வண்டியை உண்மையாக மதித்த ஒரே ஜீவன் என் தங்கையின் மகள்தான். மூன்று வயது. என்னைவிடப் பதினாறு வயது சின்னவளான தங்கைக்கு, கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவள். பெண்ணாடத்திலிருந்து வந்தால் நேராக யூனிட் வாசலில் நிற்கும் வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே ஹாரன் அடிப்பாள். சாவி என் சட்டைப் பையில் இருக்கும். பக்கத்து சீட்டில் நான் பயணியாக உட்கார்ந்திருப்பேன். சென்னை வரை போய்விட்டோம் என்று அவள் சொன்னால் இறங்கி டீ குடிப்பேன். இதைவிடப் பாதுகாப்பான பயணம் அந்த வண்டியில் நடந்ததில்லை.

குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். பழமலைநாதர் கோயிலில் மொட்டை, பிறகு தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தல். தாய்மாமன் நான் ஒருவன்தான், அதிலும் எனக்குப் போட்டி கிடையாது. ஒரு காலையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, பாப்பா உன் மஞ்ச கார்லதான் கோயிலுக்கு வரணும். நான் மடியில வெச்சிக்கிறேன், நீ ஓட்டு. எங்க வூட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

சரி என்றேன். யோசிக்காமல் சரி சொல்வது எனக்குக் கைவந்த கலை.

அவள் ஏன் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பத்து வருஷம் அந்த வீட்டிலும் தெருவிலும் அவள் காதில் விழுந்த பேச்சுகள் கொஞ்சமல்ல. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தி அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள். மாப்பிள்ளை சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறார், அவரிடமே நான்கு கதவு வைத்த கார் இருக்கிறது. ஆனால் அது எல்லோரிடமும் இருக்கிற கார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் ஓட்ட, கூரை திறந்த மஞ்சள் காரில் அதே தெரு வழியாக ஒருமுறை போக வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

போனை வைத்த பிறகுதான் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்தேன். முந்தைய உரிமையாளர் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கண்ணில் படும் எதையும் வாசிக்கும் வியாதி எனக்கு உண்டு, ஆனால் சொந்த வண்டியின் புத்தகத்தை வாங்கி எட்டு மாதம் கழித்துத் திறக்கிறேன். குழந்தைகளைப் பற்றி நான்கு பக்கம் இருந்தது. குழந்தைக்கு நல்ல இடம் பின் சீட்டு. இந்த வண்டியில் பின் சீட்டே கிடையாது. முன்னால் உட்கார வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் குழந்தைக்கென்று தனி சீட்டு பொருத்தி, எதிரே இருக்கும் காற்றுப்பையை அணைத்து, சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ள வேண்டும். என் வண்டி பழைய மாடல், காற்றுப்பையை அணைக்க வழி இல்லை. மோதினால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். பெரியவர்களின் நெஞ்சைக் காப்பாற்றுகிற பை, குழந்தையின் கழுத்தை என்ன செய்யும் என்பதையும் எழுதியிருந்தார்கள். மடியில் வைப்பது பற்றி ஒரே வரிதான்: கூடவே கூடாது.

நம்மூர் மெக்கானிக்கிடம் போனேன். கையேட்டை வாங்கித் தலைகீழாகப் பார்த்துவிட்டு, "அந்தப் பையையே கழட்டி வெச்சிடலாம் சார், தலகாணியா யூஸ் ஆவும்," என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

யூனிட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எதிரே பெண்கள் வெளியூருக்குப் போகும் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, இண்டு இடுக்கெல்லாம் வைக்கோல் திணித்து, பெட்டியை ஆட்டிப் பார்த்து, சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுவார்கள். ஒன்பது அங்குலப் பொம்மைக்கு இவ்வளவு செய்கிற நான், தங்கச்சி பெண்ணை வெறும் மடியில் வைத்து அனுப்பச் சம்மதித்திருக்கிறேன்.

போனில் சொல்லத் தைரியம் இல்லாமல் நேரில் போனேன். கரும்பு வெட்டும் பருவம். பெண்ணாடம் போகும் சாலை முழுக்க, தலைக்கு மேல் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். எனக்கு முன்னால் போன ஒன்று காரணமே இல்லாமல் நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். பக்கத்து சீட்டிலிருந்த ஒரு கிலோ ஆப்பிள் டேஷ்போர்டில் மோதிச் சிதறியது. பத்திருபது கிலோமீட்டர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அடிபட்ட ஆப்பிள்களோடு போய்ச் சேர்ந்தபோது தங்கை பின்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமியார் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. சீட்டில் குழந்தை ஒன்றுக்குப் போய்விடும் என்று பயமா என்று கேட்டாள். இல்லை என்றேன். மடியில் வைத்துக்கொள்கிறேன், பெற்றவள் மடியைவிட என்ன பாதுகாப்பு என்றாள். காற்றுப்பையைப் பற்றிச் சொன்னேன். பெல்ட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். அப்படிப் போட்டால் வண்டி சட்டென்று நிற்கும்போது உன் கனம் முழுக்கக் குழந்தை மேல்தான் விழும் என்றேன். அப்படியானால் மெதுவாக ஓட்டு என்றாள். ஆப்பிளைக் காட்டினேன். கடையிலேயே அடிபட்டதாக இருக்கும் என்றாள்.

"வண்டி மேல அவ்ளோ ஆசைன்னா நேரா சொல்லிடு. நம்மளயெல்லாம் எந்த சீட்டுல கட்டி வெச்சி வளத்தாங்க? கையிலயும் மடியிலயும்தான தூக்கிட்டுத் திரிஞ்சாங்க. எனக்கு என்ன ஆயிடுச்சி?"

தலையை நிமிர்த்தித்தான் கேட்டாள். அவள் தாடைக்குக் கீழே மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது.

அந்தத் தழும்பின் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு நான்கு வயதில், ரயில் காட்ட அண்ணன் அவளை ஜங்ஷனுக்கு அழைத்துப் போனான். மேம்பாலப் படியில் சொன்ன பேச்சு கேட்காமல் ஓடி விழுந்தாள். பிடிக்கப் பாய்ந்ததில் அண்ணனுக்கும் முழங்கை சிராய்த்தது. அம்மா அன்றைக்கு எனக்கு முட்டை தோசை சுட்டுக் கொடுத்தாள்.

மேம்பாலப் படி என் கற்பனை. நான் எழுதிய எதையும் யாரும் அவ்வளவு முழுசாக நம்பியதில்லை.

"நீ படியில வுழல பாப்பா," என்றேன். குழந்தைக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்பு அவளைத்தான் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பைக்குல வுழுந்த. நான் ஓட்டுன பைக்கு."

நண்பனிடம் இரவல் வாங்கிய பைக். பெட்ரோல் டேங்க் மேல் அவளை உட்கார வைத்து, இடது கையால் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் இடுக்கில் முன்சக்கரம் இறங்கியது. விழப்போகிறோம் என்று தெரிந்த அந்த நொடியில் என் இடது கை அவளை விட்டுவிட்டு ஹேண்டில்பாரைப் பிடித்தது. யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. அவள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது கைக்குத் தெரியவில்லை. பிறகு எத்தனையோ முறை மனசுக்குள் அந்தக் கேட்டைக் கடந்து பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூடக் கை அவளைப் பிடித்ததில்லை.

"உன் கையும் அப்படித்தான் செய்யும்," என்றேன். "யார் கையா இருந்தாலும்."

கீரைக் காம்பு அவள் கையிலேயே நின்றது. விழுந்ததற்காகக் கோபிப்பாள் என்று தயாராக வந்திருந்தேன். அவள் வேறு இடத்துக்குப் போனாள்.

"எனக்கு சைக்கிள் வாங்கித் தரல," என்றாள். "ஒன்பதாவது படிக்கும்போது தெருவுல எல்லா பொண்ணுங்களும் சைக்கிள்ல போனாங்க. ஓடிப் போயி தாடைய ஒடச்சிக்கிட்டவதான நீன்னு அம்மா மாட்டேன்னுடுச்சி. ஸ்போர்ட்ஸ்ல பேரு குடுத்தா, அதுக்கும் அதே பேச்சு. நீ அங்கதான இருந்த?"

இருந்தேன். ஒவ்வொரு முறையும் அங்கேதான், ஏதாவது ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டு இருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருஷம் எழுதியும் அதற்கு நல்ல வாக்கியம் ஒன்று கிடைக்கவில்லை. அவள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, கெளம்பு. டிராக்டர் கூட்டம் வந்துடும்," என்றாள். காதுகுத்துக்கு வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பிப் பார்க்கும் உரிமை அன்றைக்கு எனக்கு இல்லை என்று தோன்றியது.

திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை, குழந்தைகளுக்கான கார் சீட்டு ஒன்று ஆர்டர் செய்தது. மாப்பிள்ளையின் வண்டிப் பின் சீட்டுக்குப் பொருந்துமா என்று அவரிடமே போன் செய்து கேட்டுக்கொண்டேன். தங்கை வீட்டில் என்ன சொன்னாள் என்று கேட்க வாய் வரவில்லை. சீட்டு வந்ததும் யூனிட்டில் வைத்துப் பழகினேன். சூளையில் விரிசல் விட்டு விற்காமல் நின்ற இரண்டடிப் பிள்ளையார் ஒருவரை உட்கார வைத்து, தோளிலும் இடுப்பிலும் வார் போட்டு இறுக்கினேன். பெட்டி கட்டும் அம்மாள் பார்த்துவிட்டு, "சாமிக்கு எதுக்கு சார் பெல்ட்டு, அது எங்க ஓடப் போவுது?" என்றார். வாருக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைய வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். பிள்ளையார் வயிற்றில் அந்த ஒரு விரலுக்கே இடமில்லை.

சீட்டைக் காதுகுத்துக்கு முந்தின நாளே மாப்பிள்ளை வந்து வாங்கிப் போனார். மாட்டும் விதத்தை இரண்டு முறை செய்து காட்டினேன். "உங்க தங்கச்சி ஒரு வாரமா சரியா பேசல மச்சான்," என்றார். என்ன விஷயம் என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சீர்த்தட்டுகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நானும் அதிலேயே போனேன். பட்டுப் பாவாடை, வளையல், பழம், தங்கத் தோடு. மஞ்சள் காரை யூனிட்டிலேயே விட்டுவிட்டேன். கோயில் வாசலில் காத்திருந்தேன். அவர்கள் வருவார்கள், அதில் சந்தேகமில்லை. குழந்தையை என் மடியில் வைப்பார்களா, மாமன் முறையில் வேறு யாரையாவது கூப்பிடுவார்களா என்பதுதான் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. தங்கை பின்கதவைத் திறந்தாள். குழந்தை சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. தங்கை வாரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நடந்தாள்.

மொட்டை முடிந்தது. ஆசாரி கம்பியும் சந்தனமுமாக வந்து உட்கார்ந்தார். உறவுக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். அதில் ஒருவர், மஞ்சள் காரில் வருவதாகச் சொன்னார்களே, எங்கே என்று கேட்டார். மாமியார் என் பக்கம் திரும்பினார். "ஆமா தம்பி, தெருவே பாத்துக்கிட்டு நின்னுச்சி. நீங்க வரமாட்டேன்னுட்டீங்களாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை பேசினாள்.

"அண்ணன் வரேன்னுதான் சொன்னாங்க அத்தை. நான்தான் வேணாம்னுட்டேன். எனக்கு அந்த வண்டியில உக்காந்தா தல சுத்துது."

முப்பது வருஷத்துக்கு முன்பு நான் என் தப்பை அவள் தலையில் வைத்தேன். இப்போது அவளாகவே இன்னொன்றை எடுத்து வைத்துக்கொள்கிறாள். அதுவும் யார் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டாளோ அவர்கள் முன்னாலேயே. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு மறுபடியும் முட்டை தோசை கிடைக்கும்.

"இல்லீங்கம்மா," என்றேன். "தங்கச்சி ஆசையாதான் கேட்டுச்சி. நான்தான் முடியாதுன்னேன். அதுல சின்னப் புள்ளைய பத்திரமா உக்கார வெக்க எடம் இல்லீங்க. அப்புறம் இன்னொண்ணு. தங்கச்சி தாடையில இருக்கிற காயம் அது ஓடி வுழுந்ததில்ல. நான் பைக்குல வெச்சி கீழ போட்டது. ஊரெல்லாம் மாத்திச் சொல்லிட்டேன்."

பெண்கள் தங்கையின் தாடையைப் பார்த்தார்கள். தங்கை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கோயில்ல வந்து இதெல்லாம் எதுக்குண்ணா இப்ப?" என்றாள். குரல் சரியாக இல்லை. ஆனால் ஒரு வாரமாகக் கேட்காத அந்த அண்ணா அதில் இருந்தது.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். காது குத்த நேரம் போய்க்கொண்டிருந்தது.

"கீழ போட்டவருக்குத்தான் தெரியும் எப்படிப் புடிக்கணும்னு," என்றார். "உக்காருங்க தம்பி. ஆசாரி எவ்ளோ நேரம் நிப்பாரு?"

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தங்கை குழந்தையை என் மடியில் இறக்கி வைத்தாள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் என் சட்டையெல்லாம் ஒட்டியது. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தேன். ஆசாரி கம்பியை எடுத்ததும் குழந்தை துள்ளிய துள்ளலில் என் கை ஒரு நொடி நழுவியது. அதற்குள் தங்கை எதிரே மண்டியிட்டு, தன் இரண்டு கையையும் என் கை மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"விடாதண்ணா," என்றாள்.