ரயில் ஊதினால்தான் போகும் நாய்

சென்ற செவ்வாய்க்கிழமை நடுப்பகலில், மண்டபத்தில் என் வீட்டு வாசலில் நின்று ரயில் மாதிரி ஊதினேன். ஆமாம்... நானேதான். கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவன்.

காரணம், ஒரு செவலை நாய்க்குட்டி.

அடுத்த வீட்டு பிலோமினா கொடுத்தது. புருஷன் கடலுக்குப் போகிறவர். "அம்மா கொழும்புக்குப் போனதுலருந்து வீடு வெறிச்சுன்னு கெடக்கு. வச்சுக்கங்கய்யா" என்று வாசலில் விட்டுவிட்டுப் போனாள். மகளின் பிரசவத்துக்காகக் கொழும்பு போன என் மனைவிக்கு விஷயத்தை எழுதினேன். பதில் வந்தது: "நான் வரும்போது தரையில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. இருந்தால் ஒன்று அது, இல்லையென்றால் நான்."

எதற்கும் ஒரு முறை உண்டு அல்லவா? ஆங்கிலப் புத்தகம் வரவழைத்தேன். குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்கு அழைத்துப் போ, காரியம் முடிந்தால் பாராட்டு. அவ்வளவுதான். சர்க்கார் விதிகள்கூட இத்தனை தெளிவாக இருந்ததில்லை.

குறித்த நேரம் எது? தனுஷ்கோடிப் பக்கமிருந்து எந்த ரயில் வந்தாலும் நான் எப்படியும் வாசலுக்குப் போவேன். கொழும்பிலிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்குகிறவர்கள் அதில்தானே வர வேண்டும்? தனியாக விட்டால் வீட்டை நாறடித்துவிடும் என்று குட்டியையும் தூக்கிக்கொள்வேன். ரயில் ஊதும். நான் ஸ்டேஷன் பக்கம் பார்ப்பேன். அது வேலியோர மணலில் உட்காரும்.

சில வாரங்களில் பழகிவிட்டது. தரை காய்ந்தது.

செவ்வாயன்று கடல் சரியில்லை. கப்பல் தாமதம் — அதனால் ரயிலும் தாமதம். குட்டி கதவருகே முனகியது. மணலில் விட்டேன். கால் மாற்றி மாற்றி நின்றதே தவிர, உட்காரவில்லை. வேறு என்ன செய்ய? ஊதினேன்.

பிலோமினா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா, வீட்டுக்கே ரயிலு வந்துருச்சா?"

சொன்னேன். சிரித்தாள்.

"அம்மா வர்ற வரைக்கும் அதும் அடக்கிக்கிட்டுக் கெடக்கணுமாக்கும்."

"சும்மா இரு. விசா முடியப் போகிறது, வந்துவிடுவாள்."

"போன தரமும் இதத்தான் சொன்னீக. பெறகு அங்கனயே இருந்துட்டாகள்ல?"

இருந்துவிட்டாள். எப்படி? விசாவை நீட்டிக்க எந்த ஆபீசில் விண்ணப்பிக்க வேண்டும், எந்தச் சான்றை இணைக்க வேண்டும் என்று மகளுக்கு இங்கிருந்து எழுதிக் கொடுத்தது நான்தான். ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டார்களாம். அத்தனை சுத்தமான விண்ணப்பம். இப்போது மகள் மறுபடியும் எழுதியிருக்கிறாள்: "குழந்தை அம்மாவிடம்தான் தூங்குகிறது. இன்னொரு தடவை நீட்டிக்க வழி உண்டா அப்பா?"

உண்டு. அதை பிலோமினாவிடமும் சொன்னேன்.

"தெரியாதுன்னு எழுதிப் போடுங்க."

"எனக்கா? தெரியாதா?"

"ஒங்களுக்கு ஆளு வேணுமா, பேரு வேணுமாய்யா?"

அதற்குள் நிஜ ரயில் ஊதியது. குட்டி சட்டென்று உட்கார்ந்தது. நான் ஸ்டேஷன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வியாபாரிகள், ஒரு தகரப் பெட்டி... வேறு யாரும் இறங்கவில்லை. குட்டியைப் பாராட்ட மறந்துபோயிற்று. பெயர் சொல்லிப் பாராட்டலாம் என்றால் அதற்கு இன்னும் பெயரும் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் பெயர் வைப்பது என் மனைவியின் இலாகா.

உள்ளே வந்து மகளுக்குப் பதில் எழுதக் காகிதம் எடுத்தேன். "அதற்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, அம்மா." சர்வீஸ் முழுவதும் நான் எழுதாத வாக்கியம். கையெழுத்துக்கூட என்னுடையது மாதிரி இல்லை.

தபாலில் போட்டுவிட்டேன்.