அக்கா எழுதாமல் வைத்த பேப்பர்

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கப் போன இடத்தில், அச்சகக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பேருக்குப் பின்னாடி படிப்பு ஏதும் போடணுமாம்மா?" என்பதுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்கா பி.ஏ. படித்தவர், முடிக்காதவர். கடைசியில் ஒரே ஒரு பேப்பர் நின்றுபோனது உறவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அன்று சாயங்காலமே மாமா, அதாவது அக்காவின் கணவர், பீரோவிலிருந்து ஒரு பழைய ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க அக்கா தேதி கீதி வேணும்னா இதுல இருக்கும், பாரும்மா" என்றார். அதைப் பிரித்ததிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாழ்க்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தவள் என் குழப்பத்தைத்தான் எழுதப் போகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது பரவையில். அப்பா அங்கே மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். ஐந்தாம் வகுப்போடு சரி. அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. நான் அக்காவுக்கு மூன்று வயது இளையவள். அக்கா மதுரையில் பி.ஏ. வரலாறு சேர்ந்தார். பி.எட். முடித்து டீச்சராவது அவர் ஆசை. காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் கோரிப்பாளையத்தில் ஒரு ப்ரவுசிங் சென்டரில் வேலை. கல்லூரி விண்ணப்பமும் உதவித்தொகை விண்ணப்பமும் போட்டுக் கொடுக்கிற கடை அது. வருகிற பிள்ளைகளிடம் அக்கா எடுத்த எடுப்பில் கேட்பது இதுதான்: "என்ன கோர்ஸு? கவுன்சிலிங்ல வாரியா, மேனேஜ்மென்ட் சீட்டா? மொதல்ல அதச் சொல்லு, சலுகையப் பத்தி அப்புறம் பேசுவோம்."

நான் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த ஏப்ரலில் எங்களுக்குள் பெரிய சண்டை. எனக்கு பி.எஸ்சி. கணிதம் படிக்க ஆசை. அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை.

"பி.எஸ்சி.க்கு முதல் பட்டதாரி சலுகை கெடையாதுடி. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல போனா டியூஷன் ஃபீஸ கவர்மென்ட்டே பாத்துக்கிடும்."

"எனக்குக் கணக்குதான் புடிச்சிருக்கு."

"இன்ஜினியரிங்லயும் கணக்குதான். உனக்கு எம்புட்டுக் கணக்கு வேணும்?"

அக்காவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. நினைவு மலரில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் உண்மை. ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் சரி என்றேன். அடுத்த சில நாளில் அக்காவுக்குக் கடைசிப் பருவத்தின் கடைசித் தேர்வு. அதில்தான் அந்தப் பேப்பர் நின்றது.

பிறகு சான்றிதழுக்காக இருவரும் அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். அந்தச் சலுகைக்கு ஒரு விதி உண்டு. வீட்டில் அதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. கூடப்பிறந்தவர்களும் இதில் சேர்த்தி. "டிகிரி முடிச்சவங்க யாரும் இருக்காங்களா?" என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். "இல்ல சார். நான் படிச்சேன், ஒரு பேப்பர் நிக்குது" என்று அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேருந்தில் திரும்பும்போதே அவருக்கு 'ஒத்தப் பேப்பரு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டேன். கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லிக் கூப்பிட்டேன். அக்கா சிரிப்பார்.

இனி ஃபைலில் இருந்ததைச் சொல்கிறேன். அந்த ஒரு பாடத்துக்கு ஒன்பது மதிப்பெண் தாள்கள் இருந்தன. அந்த ஏப்ரல் தேர்வுக்கு ஒன்று, பிறகு நான் இன்ஜினியரிங் படித்த நான்கு ஆண்டும் பருவத்துக்கு ஒன்று. ஒன்றில்கூடத் தோல்வி என்று இல்லை. மதிப்பெண் போட வேண்டிய கட்டத்தில் தேர்வுக்கு வரவில்லை என்ற குறிப்புதான் இருந்தது. ஒவ்வொன்றோடும் தேர்வுக்கட்டணம் கட்டிய ரசீதும் இருந்தது. பத்தாவது தாள், நான் பட்டம் வாங்கிய ஆண்டின் நவம்பர்த் தேர்வுக்கு உரியது. எழுபத்தெட்டு மதிப்பெண், தேர்ச்சி. அதற்கடியில், உறை கசங்காமல், அக்காவின் பட்டச் சான்றிதழ்.

போகப் போவதில்லை என்றால் ஒவ்வொரு தடவையும் எதற்குப் பணம் கட்டினார்? கட்டியவர் ஏன் போகவில்லை? அம்மாவைக் கேட்டேன். "மொதத் தடவ காய்ச்சல்னு போத்திப் படுத்துக்கிட்டா. தொட்டுப் பாத்தேன், சுடவே இல்ல. பரீட்சைக்குப் பயந்துக்கிட்டுக் கெடக்கான்னு விட்டுட்டேன்" என்றார் அம்மா. மாமாவுக்கும் எதுவும் தெரியவில்லை.

அக்கா வேலை பார்த்த கடைக்கார அண்ணனிடம் போனேன். "முத வருசம் சர்ட்டிபிகேட் குடுத்துட்டாப் போதுமேம்மா. அதுக்கப்புறம் அவுக எழுதிருக்கலாமே" என்று அவரே குழம்பினார். பக்கத்தில் இருந்த ஒருவர், இல்லை, வருடா வருடம் பார்ப்பார்கள் என்றார். எது சரியென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவும் யாரையும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டால் விஷயம் வீட்டுக்கு வந்துவிடுமே! ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் விதி சொன்னவர், தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமலே, தான் பட்டம் வாங்கினால் என் சலுகை போய்விடுமோ என்று நான்கு ஆண்டு பயந்து காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது, பி.எட். பேச்சை அதன்பின் அவர் எடுக்கவேயில்லை.

நான் பி.எஸ்சி.யே படித்திருந்தால் அக்கா அந்த ஏப்ரலிலேயே எழுதியிருப்பார். இதற்கு நன்றி சொல்வதா, என்னைக் கேட்காமல் செய்தாரே என்று கோபப்படுவதா? இரண்டும் மாறி மாறி வருகிறது, அழுகையும் வருகிறது.

கடைசியில் அக்காவைக் கொண்டுபோனது ஒரு வாரக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு படுத்திருந்தவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, "சீக்கிரம் எந்திரி, ஒத்தப் பேப்பரு. பரீட்சை எழுதணும்ல?" என்றேன்.

"எழுதிக்கிருவோம்டி. என்ன அவசரம்" என்று சிரித்தார். சான்றிதழ் வாங்கி எத்தனையோ வருடம் கழித்து, என்னிடம் அப்படிச் சொன்னார்.

அந்த ஒரு வாரமும் கண் துஞ்சாமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், கடையைச் சாத்திவிட்டு வந்து நின்ற அண்ணனுக்கும், அக்கா விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி அழுத பிள்ளைகளுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஃபைலை மூடிவிட்டு அச்சகக்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணே, அட்டையில அக்கா பேருக்குப் பின்னாடி பி.ஏ.ன்னு போட்டுருங்க."

"முடிக்கலைன்னு சொன்னீகளேம்மா?"

"முடிச்சிருக்காகண்ணே. நாந்தேன் இத்தன வருசமாத் தப்பாச் சொல்லிக்கிட்டிருந்தேன்."