அறிவித்தலில் இல்லாத பெயர்

டென்மார்க்கில் அடுத்தவர் சாப்பாட்டை எட்டிப் பார்ப்பது அழகில்லை. பிராண்டேயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பதினொன்றரை ஆனதும் பதினான்கு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து, அவரவர் பெட்டியைத் திறந்து, அவரவர் கறுப்புப் பாண் ரொட்டியை அவரவரே தின்று எழும்புவோம். ஒருவருக்கொருவர் ஒரு துண்டு நீட்டி நான் கண்டதில்லை. அந்த மேசைக்குத்தான் வர்ணம் பூசும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தாய்லாந்துப் பெண் பிம், மிளகாய் போட்டுப் பொரித்த மீனை ஒரு பெரிய டப்பாவில் கொண்டுவந்து நடுவில் வைத்து எல்லோரையும் எடுக்கச் சொன்னார். டெனிஷ்காரர்கள் நன்றி சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்கள். கை நீட்டியது என் கூட்டாளி சிவா மட்டும். அன்று அவன் தன் பாணை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனான்.

சிவாவும் நானும் எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஒன்றாக வந்தவர்கள். வைலேக்குப் பக்கத்து அகதி முகாமில் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் அவன் மேலே, நான் கீழே. பிறகு அவன் ஊரிலிருந்து மகேஸ்வரியைக் கூப்பிட்டுக் கலியாணம் செய்தான். பிள்ளைகள் இல்லை. மகேஸ்வரி நோயில் போன பிறகு பல வருடம் தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, வாரக் கடைசிகளில் யாருடைய வீட்டுக்குப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். பிம்மும் அவனும் ஒன்றாகக் காரில் வரத் தொடங்கியபோது மேற்பார்வையாளர் ஹென்றிக் என் தோளில் தட்டி, உங்கள் நாட்டுப் பெண் ஒருவர் அவனுக்குக் கிடைத்தது நல்லதாய்ப் போயிற்று என்றார். நான் கைபேசியில் உலகப்படத்தை விரித்து இலங்கை எங்கே, தாய்லாந்து எங்கே என்று காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, இரண்டு இடத்திலும் சோறுதானே என்று கேட்டார். நான் படத்தை மூடினேன்.

அவருக்கு இரண்டும் ஒன்று. எங்கள் தமிழ் ஆட்களுக்கோ பிம் வேறு உலகம். "தாய்லாந்துக்காரியோ?" என்று கேட்கும்போது வாயின் ஒரு பக்கம் தானாக மேலே போகும். மனைவியை விட்டுவிட்டு அங்கே விடுமுறைக்குப் போய்வந்த ஆண்கள் கொண்டாட்டங்களில் பாதி வசனம் சொல்லி மீதியைச் சிரிப்பில் முடிப்பார்கள்; அந்தச் சிரிப்பை அப்படியே தூக்கி பிம் மேல் போட்டார்கள். பெண்கள், விசாவுக்குத்தான் சிவாவைப் பிடித்திருக்கிறாள் என்றார்கள். பிம் இருபது வருடத்துக்கு முன்னே ஒரு டெனிஷ் விவசாயியைக் கட்டி வந்து, அவனுடைய குடியைப் பொறுக்கமாட்டாமல் பிரிந்து, சொந்த உழைப்பில் வீடு வாங்கி, குடியுரிமையும் எடுத்தவர். அதை யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்து தின்ன வந்தவர்கள் என்று இந்த நாட்டில் பேச்சு வாங்கிய நாங்கள், அதே பேச்சை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூசவில்லை. நானும் சிரித்தவன்தான். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சிவாவும் பிம்மும் கொமுன என்கிற நகரசபை அலுவலகத்தில் பதிவுத் திருமணம் செய்தார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் அங்கே வேலை செய்த பெண், மற்றவர் நான். அதன் பிறகு பிறந்தநாள், பூப்புனித நீராட்டு எல்லாவற்றுக்கும் சிவாவின் பெயர் மட்டும் எழுதிய அழைப்பிதழ்கள் வந்தன. அவன் போவதை விட்டுவிட்டான். நான் மட்டும் ஞாயிறுகளில் அவர்கள் வீட்டில் சாப்பிடுவேன். பிம் எனக்கென்று உறைப்பைக் கூட்டிப் போடுவார்.

போன தை மாதம், வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்ற சிவா அப்படியே விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. எங்கள் பகுதியில் யார் இறந்தாலும் மரண அறிவித்தல் எழுதுவது நான். தமிழ் தட்டச்சும் தெரியும், யார் யாருக்கு என்ன முறை என்பதும் தெரியும். அன்று மத்தியானமே டொரொன்டோவிலிருந்து சிவாவின் தமையன் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, அந்தப் பொம்பிளையின்ர பேரைப் போடாதையும். அவன்ர மனிசி மகேஸ்தான்."

"அண்ணை, அவை சட்டப்படி கலியாணம் முடிச்சவை. நான்தான் சாட்சிக் கையெழுத்து வச்சனான்."

"அது டென்மார்க் சட்டம். இது எங்கட அறிவித்தல். ஊரிலை எல்லாரும் பாப்பினம்."

நான் ஓம் என்றேன். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் பிராண்டேயை வதிவிடமாகவும் கொண்ட சிவாவுக்குத் தாய் தகப்பன், மாமன் மாமி, காலஞ்சென்ற மகேஸ்வரி, அவனை ஒருநாளும் கண்டிராத, தமையனின் பிள்ளைகளான பெறாமக்கள் எல்லோரையும் முறை பிசகாமல் அடுக்கினேன். வதிவிடத்தில் அவனோடு வதிந்தவரை விட்டுவிட்டேன். கடைசியில் வழக்கம்போல, தகவல்: குடும்பத்தினர் என்று போட்டு அனுப்பினேன்.

தகனம் முடிந்து சில நாளில் பிம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். அந்த அறிவித்தலைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, சிவாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி ஊதுபத்தி கொளுத்தியிருந்தார். நான் உட்காரும் முன்பே டெனிஷில் கேட்டார்.

"இதில் என் பெயர் எது? கைபேசியை வைத்துப் பார்த்தேன். இல்லை என்கிறது. உங்கள் மொழியில் அது அடிக்கடி பிழை விடும். நீங்கள் காட்டுங்கள்."

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. நான் எழும்பிப்போய், கடைசி வரியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்தேன். இதற்குள் நீங்கள் இருக்கிறீர்கள் என்றேன். பிம் கைபேசியை அந்தச் சொல்லுக்கு நேரே பிடித்தார். திரையில் குடும்பம் என்று டெனிஷில் வந்தது. அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். நம்பினாரா, தெரிந்தும் என்னைக் காப்பாற்றினாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு காகிதம் எடுத்து, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துகொண்டார்.

வைகாசியில் சாம்பலைப் புதைத்த இடத்தில் கல் வைத்தார்கள். இங்கே சிலர் உயிரோடிருக்கும் துணையின் பெயரையும் முன்கூட்டியே கல்லில் வெட்டிவிடுவார்கள். கறுப்புக் கல்லில் சிவாவின் பெயர், அதன் கீழ் பிம்மின் பெயர், இரண்டும் டெனிஷ் எழுத்தில். அதற்கும் கீழே, கல்வெட்டுகிற டெனிஷ்காரர் அந்தக் காகிதத்தைப் பார்த்து ஒரு சுழி தப்பாமல் வெட்டிய தமிழில், 'குடும்பத்தினர்'. ஞாயிறு தோறும் பிம் வந்து அதை ஈரத்துணியால் துடைக்கிறார். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. நான் போகிறேன். பிம் துடைத்து முடிக்கும்வரை வாளியைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி நிற்கிறேன்.