முதுகைப் பார்த்து வாசித்தோம்

ஆனந்தகுமார் கையைத் தூக்குவதற்கு முன் ஒன்று செய்வார். இடக்கையைப் பின்னால் கொண்டுபோய், வியர்வையில் முதுகோடு ஒட்டிய சட்டையை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல இழுத்து விடுவார். இரண்டு தடவை. மார்கழியில் வியர்க்காத நாளிலும் அந்த இரண்டு இழுப்பு உண்டு. எதிரில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அவர் முழங்கை மட்டும்தான் தெரியும். முழங்கை திரும்பி வந்ததும், எங்கள் இசைக்குழுவை நடத்த வலக்கையில் வைத்திருக்கும் குச்சி மேலே போகும். நாங்கள் பதினொரு பேரும் மூச்சை இழுத்துக்கொள்வோம்.

நான் வயோலா வாசிக்கிறேன். வயலினைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் குரல் யாருக்கும் தனியாகக் கேட்காது. எனக்கு அது வசதி. பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பவனுக்குச் சில விஷயங்கள் சீக்கிரம் பிடிபடும். இந்த மனிதர் பயந்துகொண்டிருக்கிறார் என்பது முதல் மாதமே எனக்குப் பிடிபட்டது.

பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறி ஓடும் வீட்டில் பிறந்தவர். சர்ச்சில் வயலின் வாசித்த ஒருவர் ஒன்பது வயதில் அவருக்கு வில்லைப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். அந்த ஆசிரியரின் மகன் ஜெபகுமார்தான் இன்று எங்கள் குழுவில் செல்லோ வாசிப்பவன். இருபது வயதிலிருந்து ஆனந்தகுமார் விடிகாலை பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், சினிமாப் பாட்டுப் பதிவுகளில் முப்பது வயலின்களுக்கு நடுவே ஒரு வயலினாக உட்கார்ந்தார். கம்ப்யூட்டரே முப்பது வயலின் சத்தத்தையும் கொடுக்கத் தொடங்கியதும் கூப்பிடுவது நின்றுபோனது. ஊருக்குத் திரும்பி, வீடு வீடாகக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டே, தானாக எழுத ஆரம்பித்தார். சர்ச், பள்ளிக்கூடம், மேளக்காரர் வீடு என்று அலைந்து எங்களைச் சேர்த்தார்.

தெருவில் கிண்டலுக்குக் குறைவில்லை. "கண்டக்டருன்றாங்க, இன்னா ரூட்டுபா உன்து?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "டிக்கெட் வாங்கிக்கினு கேளு" என்பார்.

அவர் எழுதியதில் பெரியது 'இழை'. இருபது நிமிஷம். நடுவில் எட்டு எண்ணிக்கை யாரும் எதையும் வாசிக்கக் கூடாது. அது எதற்கு என்று நதியா கேட்டாள். அவள் முதல் வயலின்.

"சின்ன வயசுல தறிச் சத்தம் இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லமா. திடீர்னு நிக்கும். பாவு நூல்ல ஒரு இழை அறுந்துட்டு இருக்கும். அப்பா முடிச்சு போட்டு மறுபடி தறிய மிதிக்கிற வரைக்கும் எனக்கு பயமாவே இருக்கும். எதுக்குன்னு தெரியாது. இன்னைக்கும் அப்டித்தான்."

போன வருஷம் சென்னையில் ஓர் அரங்கில் 'இழை'யை வாசித்தோம். அந்த எட்டு வந்தது. எட்டு முடிந்தும் அவர் கை எழவில்லை. முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன். உதடு காய்ந்து, கண்கள் எங்களை ஒவ்வொருவராகத் தொட்டுப்போயின, வழி கேட்பவனைப்போல. அந்தப் பயம் எங்களுக்கும் தொற்றியது. ஜெபகுமார் தானாக ஆரம்பித்தான். நதியா அவனுக்குப் பின்னால் ஓடினாள். நான் வில்லைத் தந்தியில் வைக்கவே இல்லை. நாலு வரியில் எல்லாம் கலைந்தது. யாரோ சிரித்தார்கள். "மன்னிச்சிடுங்க" என்று சபைக்குச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு எங்கள் தெருக் கோடிச் சிவன் கோயிலில், பங்குனி உத்திரத்துக்கு வாசிக்க இடம் கிடைத்தது. அவர் பிறந்த தெரு. கிண்டல் செய்த அத்தனை பேரும் வருவார்கள். ஒத்திகையில் அவர் சொன்னார்: "இங்கயும் கலைஞ்சா அவ்ளோதான்பா. அப்பறம் நான் குச்சியத் தொட மாட்டேன்." விளையாட்டுக்குச் சொல்கிறவர் அல்ல.

மறுநாள் இன்னொன்று சொன்னார். "குருக்கள் ஒத்துக்கல. சாமிக்கு முதுகு காட்டக் கூடாதாம். நான் சாமியப் பாத்துக்கினுதான் நிக்கணுமாம். நீங்க எனக்குப் பின்னால."

"முதுகுல கண்ணு இருக்குதா மாஸ்டர்?" என்றான் ஜெபகுமார். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் அவர் முதுகைப் பார்த்து வாசித்துப் பழகினோம். குச்சி பாதி நேரம் அவர் உடம்பிலேயே மறைந்தது. அந்த எட்டில் இரண்டு தடவை தடுமாறினோம். தினமும் வீடு திரும்பும்போது நதியா குருக்களைத் திட்டுவாள். நானும் மனசுக்குள் சேர்ந்து திட்டுவேன்.

உத்திரத்தன்று சாயங்காலம் ஆறு மணி. மண்டபத்தில் அலங்காரத்தோடு சுவாமி, அவருக்கு எதிரே ஆனந்தகுமார், பின்னால் நாங்கள், சுற்றிலும் தெரு. அன்றுதான் அந்தச் சட்டை முதுகைக் கிட்டத்தில் பார்த்தேன். நனைந்து, தோள்பட்டை எலும்பு இரண்டும் துணிக்கு அடியில் தெரிந்தன. அவர் சட்டையை இழுத்துவிடவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஆரம்பம் நன்றாகவே போனது. பிறகு எட்டு வந்தது.

எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. முதுகு அசையவில்லை. பத்து. "முடிஞ்சிடுச்சா?" என்று பின்னால் ஒரு பெண் குரல். பதினொன்று. ஜெபகுமாரைப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்க அந்த முதுகு ஒன்றுதான் இருந்தது. பன்னிரண்டில், இரண்டு எலும்புகளுக்கும் நடுவே ஈரத்துணி இறுகியது. அவர் மூச்சை இழுக்கிறார். பதினொரு வில்லும் குழலும் ஒன்றாக இறங்கின.

கடைசி ஸ்வரம்வரை கலையவில்லை. கைதட்டலுக்கும் அவர் திரும்பவில்லை. கற்பூரம் காட்டி முடிந்த பிறகே திரும்பினார். அப்போது அவர் முகம் சாதாரணமாக இருந்தது.

இப்போது புதிதாக ஒன்று எழுதுகிறார். குச்சி அவர் பையில்தான் இருக்கிறது.

ஆடி மாதம் ஒருநாள் கோயிலில் கூட்டம் இல்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு குருக்களிடம் கேட்டேவிட்டேன். "சாமிக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களே, நாங்க எவ்ளோ பயந்தோம் தெரியுமா?"

அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

"நானா? பக்கவாட்டுல நின்னுக்கோங்கோ, மேளக்காரா அப்படித்தானே நிக்கறான்னு சொன்னேன். உங்க மாஸ்டர்தான் கேக்கலை. 'பசங்க என் மூஞ்சியப் பாத்துத்தான் பயந்துடறாங்க சாமி, நீங்க சொன்னதாவே இருக்கட்டும்'னார்."